படித்தவர் கிழித்த கடுதாசி

பெரியாயி சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஊத்துக்கல் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அது முழுப் பொய். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷத்துத் தைப்பொங்கல் வரைக்கும் அவள் சிரித்தவள்தான். அவள் மேல்மலையில் சிரித்தால் கீழ்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, "பெரியாயி இன்னிக்கு யாரையோ கேலிக்குப் புடிச்சுட்டா" என்பார்கள். அந்தச் சிரிப்பு பெரகல சந்தியில், வாஹித் நானாவின் கடை வாசலில், ஒரு பகல் பதினொரு மணிக்கு நின்று போயிற்று.

அதற்குக் கொஞ்சம் முன்னே போக வேண்டும்.

எழுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் பெரியாயியின் ஆத்தாவும் தங்கச்சி கருப்பம்மாவின் குடும்பமும் இந்தியப் பிரஜைகளாகி, அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தார்கள். திருச்சிப் பக்கம் முசிறிக்கு மேற்கே, தாத்தா காலத்தில் விட்டுவந்த ஊர். பெரியாயியும் அவள் புருஷன் வீரய்யாவும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஆக, கடுதாசிதான் உறவு என்றாயிற்று.

தோட்டத்துக்கு வரும் கடுதாசிகள் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கணக்கப்பிள்ளை பொன்னையாவின் கைக்கு வரும். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் புத்தகத்து எழுத்தைப் படிக்கும். ஊர்க் கடுதாசியின் கூட்டெழுத்தைக் கண்டால் விழிக்கும். ஆகவே பொன்னையாவே தராசுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தும் காட்டுவார். இலவசமாகத்தான். அதனாலேயே அவருக்கு லயத்தில் ஒரு தனி மரியாதை.

கடுதாசி விஷயத்தில் லயத்துக்கென்று ஒரு முறை இருந்தது. நல்ல காரியம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி வரும். சாவுச் செய்தி என்றால், படித்தவர் படித்த கையோடு அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். அந்தக் காகிதம் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு வரும் என்று பயம்.

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் கருப்பம்மாவின் கடுதாசி ஒன்று வந்தது. நல்ல மழை பெய்து கொழுந்து கொள்ளை கொள்ளையாக வந்துகொண்டிருந்த காலம். பொன்னையா கவரைப் பிரித்தார். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் சொகம். மாடு கன்னு போட்டிருக்காம்."

பெரியாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொருக்கா படிங்கய்யா."

"எல்லாரும் சொகமா இருக்காங்க. நல்ல மழையாம்."

"கன்னு?"

"கன்னும் சொகம். போ, போயி மலையில ஏறு."

கன்று சொகம் என்று கணக்கப்பிள்ளை சொன்னதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் சிரித்தாள். கடுதாசியைத் தகரப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள். ஆவணியில் மகள் பூவாயிக்குத் தப்பு மேளம் வைத்துக் காது குத்தினாள். பொன்னையாதான் முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கருப்பம்மாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பொங்கலுக்குச் சாமான் வாங்கப் பெரகலைக்கு இறங்கியபோது, விலாசத்தைப் பார்த்து ஒரு கடுதாசி போட்டுத் தரச் சொல்லலாம் என்று பழைய கடுதாசியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். வாஹித் நானா கடை முதலாளி, நிதானமான மனுஷன். விலாசம் தேடிக் காகிதத்தைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? மௌத்துக் கடுதாசியல்லவா? இத ஏன் இவ்வளவு நாளும் பொட்டிக்குள்ள வெச்சீக்கிறீங்க?"

"கன்னு போட்ட கடுதாசிங்க நானா அது."

அவர் அவளைப் பார்த்தார். கடையில் நின்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு மெதுவாகப் படித்தார்: "சித்திரை மாதம் பதினோராம் தேதி விடியற்காலம் நம் ஆத்தா இறந்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் பெரியவள் வந்துவிட்டாளா என்று கேட்டார்கள்."

"இன்னொருக்கா படிங்க நானா."

அவர் படித்தார். முன்பு படித்த அதே வார்த்தைகள், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். அந்த இடத்தில்தான் அவளுக்கு விளங்கியது. எழுதி இருப்பதைப் படித்தால் எத்தனை தடவை படித்தாலும் மாறாது. பொன்னையா படித்தது மாறியது.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவள் வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சாவு விழுந்தால் பெரியாயி மூன்று நாள் மலைக்கு வரமாட்டாள். அவளோடு பங்காளி, சம்பந்தி என்று லயமே உட்கார்ந்துவிடும். தொரை கேட்ட கொழுந்து குறையும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். பிறகு அவருக்கு அது மறந்தே போயிருக்கும். அவருக்கு அவள்மேல் எந்தப் பகையும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. பகை இருந்திருந்தால்கூட ஆத்தாவின் சாவுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

"கிழிச்சுப் போடவா?" என்றார் வாஹித் நானா.

"வேணாம். குடுங்க. படிச்ச ஆளு கிழிக்கட்டும்."

வீட்டில் வீரய்யா கேட்டுவிட்டு அடுப்பங்கரையில் குந்திவிட்டான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்லவன், பயந்தவன். "விடு புள்ள. அந்தாளப் பகைச்சா நாளைக்குக் காலம்பறப் பெரட்டுல வேலைக்குப் பேரு போட மாட்டான்."

"போட வேணாம். அதே மடுவத்துல, அதே தராசுக்கிட்ட, அத்தன பேரு முன்னாடி அந்த ஆளு வாயால அந்தக் கடுதாசிய நான் கேக்கணும்."

"அவரு ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு. அதான் வேணும்."

வழியும் அவளே கண்டாள். அடுத்து ஒரு கடுதாசி வந்ததாகச் சொல்லி மடுவத்தில் நீட்டுவது. தொடக்கத்தில் நாலு வரி ஊர்க் கடுதாசி மாதிரியே இருக்கும். அவர் உரக்கப் படிப்பார். ஐந்தாவது வரி அவரோடு பேசும். அப்போது பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் அதை எழுதிய ஆள் முன்னே வந்து, இருப்பதைப் படிக்கும். வாஹித் நானா அன்றைக்கே கருப்பம்மாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் கடை விலாசத்துக்கு வந்ததும் அதன் கவரை அவள் பத்திரப்படுத்தினாள். இந்தியத் தலை ஒட்டிய கவர். உள்ளே வைக்கக் காகிதம் வேண்டும். வாஹித் நானாவின் எழுத்தைப் பொன்னையாவுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியாரின் எழுத்தையும் தெரியும். தெரியாத எழுத்து தோட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது மூன்றாம் வகுப்பில் இருந்தது.

பூவாயிக்கு எட்டு வயது. அவள் கொப்பியில் ஒவ்வோர் எழுத்தும் சட்டைப் பொத்தான் அளவு. வரி மலைப் பாதை மாதிரி ஏறி இறங்கும்.

எழுத்து தெரியாத தாய் எழுத்துக்கு எப்படித் துணை போவாள்? பெரியாயி தனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினாள். கொழுந்து எடுப்பவர்கள் செடியின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மேலே போட்டுப் பார்க்கும் நீளக் குச்சி ஒன்று உண்டு, மட்டக்கம்பு என்பார்கள். அதைக் கொண்டுவந்து கொப்பியின் மேல் வைத்தாள்.

"இதுக்கு மேல ஒரு எழுத்தும் தலை நீட்டக் கூடாது. நீட்டுனா கிள்ளிப்புடுவேன்."

"எழுத்தையா, என்னையாம்மா?"

"ரெண்டையுந்தான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்கவும், மற்ற நாள்களில் மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்ட உடனேயும் இது நடந்தது. லயத்துத் தண்ணீர் விழும் பீலிக்கரைக் கல்லில் பிள்ளை எழுதும். தாய் துணி அடித்துத் துவைத்தபடி பார்ப்பாள். மாசி முடிவதற்குள் பொத்தான்கள் மிளகளவுக்கு வந்தன.

ஆனால் எழுதியதில் சத்து இல்லை. பசுவைப் பற்றி எழுதினாள். "பசு ஒரு சாதுவான பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தரும்."

"எந்தப் பசு?" என்றாள் பெரியாயி.

"பசும்மா. வாத்தியாரு போர்டுல எழுதிப் போட்டாரு."

"நம்ம லயத்துல இருக்கிறது ராக்காயி வீட்டு மாடு ஒண்ணு. அது சாதுவா? போன வாரம் என்னைய முட்டிச்சா இல்லையா? அதுக்கு நாலு காலு, சரி. எத்தன காலு ஊனுது?"

"மூணு. பின்னங்காலு ஒண்ணு நொண்டுது."

"பால் குடுக்குதா?"

"நமக்கு எங்க குடுக்குது? ராக்காயி அத்த தண்ணி ஊத்தித்தான் குடுக்கும்."

"அத எழுது. வாத்தியாரு பாத்த மாடு வாத்தியாருக்கு. நீ பாத்த மாட்ட எழுது. முத்தல் எலையெல்லாம் கூடையில போட்டா நிறுவையில கழிச்சுப்புடுவான். ஒன் கூடை பூராவும் முத்தலு."

வாத்தியார் அந்தக் கட்டுரைக்கு என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். தண்ணீர்ப் பால் விஷயம் எப்படியோ ராக்காயி காதுக்குப் போய், பீலிக்கரையில் பெரிய சண்டை நடந்தது. பெரியாயிக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுதியது ஓர் ஆளைக் குத்துகிறது என்றால் வேலை சரியாக நடக்கிறது.

அடுத்தது அவளுடைய சோதனை. எழுதியதை ஒரு நாள் படிக்கச் சொல்வாள். இரண்டு நாள் கழித்து மறுபடி படிக்கச் சொல்வாள். பிள்ளை சோம்பல்பட்டு ஞாபகத்திலிருந்து ஒப்பித்தால் பிடித்துவிடுவாள்.

"அன்னிக்கு 'மாமா ஓடி வந்தார்'ன்னு படிச்ச. இன்னிக்கு 'மாமா வந்தார்'ங்கிற. ஓடுனது எங்க போச்சு? எழுத்து படுத்துத் தூங்கி எந்திரிச்சா மாறிப் போகுமா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல. அப்பிடி ஒண்ணுன்னு நெனச்ச ஆளாலதான் ஒங்கம்மாயி செத்தது தெரியாம ஒனக்கு மேளம் கொட்டுனேன்."

இந்தப் பேச்சு தினமும் வந்தது. கொப்பியில் மை கொட்டினால் அடி விழுந்தது. ஒரு சொல்லை இரண்டு தடவை போட்டால் சோறு தாமதமாயிற்று. பிள்ளை எழுதுவதற்குப் பயந்து எழுதியது. வீரய்யா ஒரு நாள் வாய் திறந்தான்.

"அந்த ஆளு மேல உள்ள கோவத்துக்கு இந்தப் புள்ளய ஏன் புள்ள வதைக்கிற?"

"கோவம் இல்லீங்க. வேல நடக்குது."

பங்குனிக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா' என்று எழுதச் சொன்னார்கள். பூவாயி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கேட்காமலே படித்துக் காட்டினாள்.

"என் அம்மாவின் பெயர் பெரியாயி. என் அம்மா முன்பு சிரிப்பாள். இப்போது சிரிப்பது இல்லை. அம்மாவின் கையில் தேயிலைக் கறை இருக்கும். அந்தக் கையால் என்னை அடிப்பாள். அடித்த இடத்தில் கறை இருக்காது. ஆனால் எனக்குத் தெரியும். அம்மா என்னை அடிக்கும்போது வேறு ஆளைப் பார்த்து அடிக்கிறாள்."

பெரியாயி ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தினாள்.

"இன்னொருக்கா படி."

பிள்ளை படித்தது. ஓர் எழுத்து மாறவில்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். அப்போதும் மாறவில்லை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பிள்ளையை அணைத்து அழுதிருப்பாள், அத்தோடு கொப்பியையும் மூடியிருப்பாள். பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புகைக்காகவும் இருக்கலாம்.

"இப்பத்தான்டி ஒனக்கு எழுத வந்திருக்கு," என்றாள். "நாளைக்குக் கடுதாசிய ஆரம்பிப்போம்."

ஆனால் அதற்குப் பிறகு அவள் கை பிள்ளைமேல் விழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாலு வரிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கருப்பம்மாவின் கடுதாசியைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை சாய்த்து எழுதிப் பழகியது. எழுத்து ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது.

"அஞ்சாவது வரியிலேருந்து யாரு எழுதுற மாதிரிம்மா? நீயா, சித்தியா?"

"யாரு எழுதுறா? நீதான எழுதுற? நீயே பேசு."

"அவுகளத் திட்டி எழுதவா?"

"திட்டக் கூடாது. திட்டுனா அந்த ஆளுக்குத் திட்டு மட்டுந்தான் ஞாபகம் இருக்கும். நீ பாத்தத எழுது."

வைகாசி பிறந்து முதல் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் தாய்மாருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து மடுவத்தில் நின்றார்கள். மறுபடி கொழுந்து கொள்ளையாக வரும் காலம். சாக்குகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நிறுவை முடிந்து பெண்கள் மலைக்குத் திரும்புமுன் பெரியாயி இடுப்பிலிருந்து கவரை எடுத்தாள்.

"தங்கச்சி போட்டிருக்கா. வாஹித் நானா கடைக்கு வந்துச்சு. படிங்கய்யா."

பொன்னையா வாய் நிறைய வெற்றிலையோடு காகிதத்தைப் பிரித்தார். ஒரு பார்வை பார்த்தார். உரக்கத் தொடங்கினார்.

"அன்புள்ள அக்காவுக்கு, தங்கச்சி கருப்பம்மா எழுதிக்கொண்டது. இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல். இந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது…"

நின்றார். வெற்றிலை மெல்வதும் நின்றது. கண் மட்டும் கீழே கீழே போயிற்று. பெரியாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவள் காத்திருந்தது அந்த முகத்துக்காகத்தான்.

"ம்… எல்லாரும் சொகம். மாடு ஒண்ணு வாங்கியிருக்காங்களாம்."

"இன்னொருக்கா படிங்கய்யா."

"ஒனக்கு வேற வேல இல்லயா? நேரமாகுது, மலைக்கு…"

"தங்கச்சி கடுதாசிங்கய்யா. ஆசையா இருக்கு."

"சொகம்னுதான் சொன்னேனே. ஆடு வாங்கியிருக்காங்க, எல்லாரும் சொகம், அவ்வளவுதான்."

ராக்காயிக்குப் பீலிக்கரைச் சண்டை இன்னும் ஆறவில்லை. பெரியாயியை இளக்காரம் செய்ய ஒரு சந்தர்ப்பம் என்று நினைத்தாள். "என்னடி பெரியாயி, ஒன் தங்கச்சி ஊருல மாடு நின்ன நெலையிலயே ஆடாயிருது?"

மடுவமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பூவாயி தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தாள்.

"அதுல ஆடும் இல்ல, மாடும் இல்ல. அத எழுதுனது நான்."

"யாரு?" என்றார் பொன்னையா.

"நான்தான். மூணாம் வகுப்பு பூவாயி. குடுங்க, நான் படிக்கிறேன்."

பெரியாயி எல்லாவற்றையும் நினைத்து வைத்திருந்தாள். அவர் திட்டுவார், பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்பார், காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அவர் செய்தது அவள் நினைக்காதது. எட்டு வயதுப் பிள்ளை கையை நீட்டியதும் பதறிப்போய்க் காகிதத்தை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துத் தராசுக்கடியில் போட்டார்.

சிரிப்பு சட்டென்று அறுந்தது.

பொன்னையா இருபது வருஷம் அந்த மடுவத்தில் கடுதாசி படித்தவர். அந்த முறை அவருக்குத் தெரியாததில்லை. பதற்றத்தில் கை முந்திக்கொண்டது. அத்தனை பேரும் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்கள். ராக்காயிதான் முதலில் கேட்டாள், குரல் வேறாகியிருந்தது.

"யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாவல…"

"பின்ன ஏன் கிழிச்சீங்க? ஏன்யா, கருப்பம்மாவா? சொல்லுங்கய்யா, கருப்பம்மாவா?"

"இல்ல இல்ல, சொகம்னுதான…"

"சொகமான கடுதாசிய ஏன்யா கிழிச்சீங்க?"

பெரியாயி தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைத்தாள். மடியிலிருந்து பழைய கடுதாசியை எடுத்தாள். ஒரு வருஷம் சேலைக்கடியில் கிடந்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"எங்காத்தா செத்துட்டா," என்றாள். "போன வருசம் சித்திர பதினொண்ணு. கடுதாசி இந்தா இருக்கு. ஐயா இதே எடத்துல நின்னு கன்னு போட்டிருக்குன்னு படிச்ச கடுதாசி. கிழிக்க வேண்டியதக் கிழிக்காம, கிழிக்கக் கூடாததக் கிழிச்சிருக்காரு. படிங்கய்யா. படிச்சுட்டு இதையும் கிழிங்க."

பொன்னையா வாங்கவில்லை. கை பின்னால் போயிற்று.

பூவாயி இதற்குள் அழத் தொடங்கியிருந்தாள். அம்மாயிக்காக இல்லை. தராசுக்கடியில் கிடந்தது அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து. பெரியாயி குனிந்தாள்.

"எதுக்குடி அழுவுற? அந்த ஆளு கிழிச்சது காகிதத்த. இன்னொருக்கா எழுத வராதா ஒனக்கு?"

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "வரும்."

கங்காணியின் காதில் சொருகியிருந்த பென்சிலை ராக்காயி பிடுங்கிக் கொடுத்தாள். தேயிலைச் சாக்கின் மேல் சீனி சுற்றிய தாளை விரித்து, மட்டக்கம்பு இல்லாமலே, பூவாயி எழுதினாள். எழுதி முடிக்கும் மட்டும் நாற்பது பெண்கள் மலைக்குப் போகாமல் நின்றார்கள். முடித்ததும் அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலப் படித்தாள்.

"இது வரைக்கும் உரக்கப் படித்தவர் கணக்கப்பிள்ளை ஐயா. இனிமேலும் அவரே படிக்கட்டும். ஐயா, போன வருஷம் எங்கள் அம்மாயி செத்த கடுதாசியை நீங்கள் படித்தீர்கள். எல்லாரும் சொகம் என்று சொன்னீர்கள். ஆவணி மாதம் என் காதுகுத்துக்கு வந்தீர்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தீர்கள். கறிச்சோறு சாப்பிட்டீர்கள். இரண்டாம் தடவை ரசம் கேட்டீர்கள். நான்தான் ஊற்றினேன். அப்போது எங்கள் அம்மாயி செத்து நாலு மாதம். அது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னீர்கள்."

"இன்னொருக்கா படி," என்றாள் பெரியாயி.

படித்தாள். மாறவில்லை.

கடைசி வரி முடிந்ததும் ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு குரல் எடுத்தாள். பீலிக்கரையில் தன்னை நாறடித்தவளின் தாய்க்காக அவள்தான் முதலில் அழுதாள். அடுத்தவள் தொடுத்தாள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கூடைகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு வருஷம் பிந்திய சாவு அப்படித்தான் ஊத்துக்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

பொன்னையா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாள் வேலை போய்விடும் என்று எதற்குப் பயந்தாரோ அது இப்போது அவர் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. அடுக்கிய சாக்குகளுக்குள் கொழுந்து சூடேறி மணக்கத் தொடங்கியது. சின்ன தொரை மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடித்துப் பார்த்தான். யாரும் எழும்பவில்லை. "என்னா இது, கணக்கப்பிள்ளை?" என்றான்.

பெரியாயி பழைய கடுதாசியை இன்னும் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவர் வாங்கினார். உதடு அசைந்தது. சித்திரை மாதம் பதினோராம் தேதி என்பது மட்டும் முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. மற்றதை அழுகை மூடிவிட்டது. கேட்கவில்லை என்று பெரியாயி மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தார். பிறகு கிழித்தார். அதற்கப்புறந்தான் அவள் அழ உட்கார்ந்தாள்.

மூன்று நாள் யாரும் மலைக்குப் போகவில்லை.

பொன்னையாவின் வேலை போகவில்லை. தொரைமார் அதற்கெல்லாம் ஆளை மாற்றுவதில்லை. பெரியாயிக்கு அவர் ஆறு மாதம் கல்லும் காடுமான மலைகளாகப் பார்த்துக் கொடுத்தார். அவள் அங்கேயும் கொழுந்து எடுத்தாள். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவரிடம் ஒரு கடுதாசியை யாரும் நீட்டவில்லை. பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வாங்கியவர்கள் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் பூவாயியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. எழுதியதையும் வந்ததையும் இரண்டு தடவை படித்துக் காட்டுவது அங்கே வழக்கமாயிற்று. பிள்ளை அலுத்துக்கொண்டால் பெரியாயி அதட்டுவாள். ராக்காயிக்கு மட்டும் மூன்று தடவை படிக்க வேண்டும்.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகு, எழுபத்தேழில், பொன்னையாவுக்கும் இந்தியா போகக் காகிதம் வந்தது. திருச்சிப் பக்கந்தான். புறப்படுவதற்கு முந்தின நாள் லயத்துக்கு வந்து ஒவ்வொரு காம்பரா வீடாக விடை சொல்லிக்கொண்டார். தலை நரைத்து, மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்கு நூல் கட்டியிருந்தது. பெரியாயி வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"முசிறி வழியாத்தான் போறேன் பெரியாயி. தங்கச்சி ஊரு பக்கந்தான். ஏதாச்சும் சொல்லிவிடணும்னா சொல்லு. நேர்ல போயிச் சொல்லிப்புடுறேன்."

அவள் கோடரியை ஓங்கிக் கட்டையில் இறக்கினாள். அது இரண்டாகப் பிளந்து விழும்வரை அவரைப் பார்க்கவில்லை.

"வேணாங்கய்யா," என்றாள். "எழுதிப் போட்டாச்சு."